அம்மா சொன்ன ராஜகாடு

தில்லி ஆட்டோக்காரர் "ராஜ்காட்" என்று சொன்னது அம்மாவின் காதில் "ராஜகாடு" என்று விழுந்தது. எங்கள் புவனகிரிப் பக்கம் காடு என்றால் மரம் நிற்கிற இடமில்லை. "காட்டுக்குக் கொண்டுபோயிட்டாங்க" என்றால் போனவர் இனி வரமாட்டார் என்று பொருள். "ராஜாவ எரிச்ச காடாடா?" என்று கேட்டாள். "காட்னா படித்துறைம்மா" என்று திருத்தினேன். அவள் கேட்டதில் தப்பு எதுவும் இல்லை என்பது அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

2019 பிப்ரவரி. அப்பாவுக்குக் காசியிலும் கயாவிலும் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, திரும்பும் வழியில் தில்லியில் இரண்டு நாள். காசியில் அவளை ஆற்றங்கரையை விட்டுக் கிளப்புவதே பெரும்பாடாக இருந்தது. மணிகர்ணிகையில் ஒரு நேரத்தில் பத்து சிதை எரிவதைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பேர எரிக்கிற எடத்துல ஒருத்தருக்கும் ஒரு கல்லு இல்ல, பாத்தியா" என்றாள். அந்த நினைப்போடுதான் ராஜ்காட்டுக்குள் வந்தாள் போலிருக்கிறது.

செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தோம். நான்கு புறமும் மண்மேடு போல உயர்ந்த சுவர், நடுவே திறந்த முற்றம். அதன் நடுவில் இடுப்புக்கும் எட்டாத உயரத்தில் ஒரு கறுப்புப் பளிங்குச் சதுரம். மேலே சாமந்திப் பூ, தலைமாட்டில் கண்ணாடிக் கூண்டுக்குள் விளக்கு. கூரை கிடையாது. அம்மா ஒரு சுற்றுச் சுற்றினாள், கும்பிட்டாள், என் காதருகே வந்தாள்.

"உள்ள என்னடா இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா."

"அஸ்தி?"

"அப்பவே கரைச்சாச்சு."

"அப்ப இது என்ன?"

அதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. ஊர் திரும்பிய பிறகு தேடித் தேடிப் படித்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவின் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் எரித்த மறுநாள் காலையில் பால் தெளிக்கப் போவார்கள். சாம்பலைக் கூட்டி ஆள் படுத்திருக்கும் வடிவாக்கி, கால் தொடங்கித் தலை வரை எலும்பு பொறுக்கி மண் கலயத்தில் போடுவார்கள். மிச்சத்தை வாரிவிட்டுத் தண்ணீர் தெளித்து, அந்த இடத்திலேயே நவதானியம் தூவுவதும் உண்டு. இந்தக் காடாற்று முடிந்தால் அந்த இடம் யாருடையதும் அல்ல, அடுத்து வருபவருக்கு. கலயம் தேவனாம்பட்டினத்துக்கோ கொள்ளிடத்துக்கோ போய்விடும். கல் நடுவதெல்லாம் புதைத்தவர்களுக்கு: சித்தர் சமாதி, சாமியார் மடம், பழைய காலத்துப் பள்ளிப்படை. சிதம்பரத்தை ஒட்டியே பள்ளிப்படை என்று ஓர் ஊர் இருக்கிறது. தினமும் ஆட்டோக்காரர்கள் கூவிக் கூவி அந்தப் பெயருக்கு இப்படி ஓர் அர்த்தம் உண்டு என்பதே மறந்துபோயிற்று. இறந்த அரசனுக்கு எழுப்பிய கோயில்தான் பள்ளிப்படை. தொண்டைமான் ஆற்றூரில் முதலாம் ஆதித்தனுக்கும் மேல்பாடியில் அரிஞ்சயனுக்கும் சோழர் எழுப்பியவை இன்றும் நிற்கின்றன.

எரித்த இடத்தையே நினைவிடமாக வைத்துக்கொள்வது நம் கணக்கில் சேராத காரியம். அது காந்திக்கு எப்படி நடந்தது?

காந்தியே விரும்பியிருக்க மாட்டார். 1947 செப்டம்பரில், பம்பாயில் பத்து லட்சம் ரூபாயில் தனக்குச் சிலை வைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஹரிஜன் இதழில் கடுமையாக மறுத்து எழுதினார். பஞ்சமும் கலவரமும் நாட்டைத் தின்றுகொண்டிருந்த நேரம் அது. 1948 ஜனவரி 30 மாலை பிர்லா மாளிகைத் தோட்டத்தில் அவர் சுடப்பட்ட பிறகும் அதே கேள்வி வேறு உருவத்தில் வந்தது. உடலைக் கெடாமல் பதப்படுத்திக் கொஞ்ச நாள் வைத்தால் நாடு முழுவதும் இருந்து மக்கள் வந்து பார்க்கலாமே என்று மவுண்ட்பேட்டன் சொன்னார். காந்தியின் செயலாளர் பியாரேலால் குறுக்கிட்டார். தன் உடலை யாரும் பூசையில் வைக்கக் கூடாது, செத்த இடத்தில் சாதாரணமாக எரித்துவிட வேண்டும் என்பது காந்தியின் விருப்பம் என்று எடுத்துச் சொன்னார். அதனால் மறுநாளே எரிப்பது என்று முடிவாயிற்று.

அவர் சுடப்பட்ட அன்று வெள்ளிக்கிழமை. கடலூர் மாவட்டத்துக்காரன் ஒருவனுக்கு அந்தத் தேதியைக் கேட்டதும் இன்னொன்று நினைவுக்கு வராமல் போகாது. 74 ஆண்டுகளுக்கு முன், 1874-இல் அதே ஜனவரி 30, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை, வடலூருக்குப் பக்கத்தில் மேட்டுக்குப்பத்தில் வள்ளலார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன் பிறகு அவர் உடலை யாரும் பார்த்ததில்லை. இறந்தவர்களை எரிக்காதீர்கள், புதையுங்கள் என்று விடாமல் சொல்லிவந்தவர் எரிக்கவும் புதைக்கவும் எதையும் விட்டுப்போகவில்லை. அவர் பிறந்த மருதூர் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அம்மா தைப்பூசத்துக்கு வடலூர் போகாத வருஷம் கிடையாது. இந்தத் தேதிப் பொருத்தத்தைச் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. "நல்லவங்க வெள்ளிக்கெழமலதான் போவாங்க" என்றாள்.

தில்லிக்கு வருவோம்.

எரிப்பது எங்கே? நிகம்போத் காட் நகரத்தின் பழைய மயானம், யமுனைக் கரையில் இருக்கிறது. ஆனால் லட்சக்கணக்கில் கூட்டம் வரும். அதனால் அதற்குத் தெற்கே, ஷாஜகான் கட்டிய நகரத்து மதிலுக்கு வெளியே, ஆற்றை ஒட்டிக் கிடந்த வெளியைத் தேர்ந்தார்கள். அந்தப் பக்கத்து மதில் வாசலுக்கு ராஜ்காட் வாசல் என்று பெயர். அதன் வழியாக இறங்கினால் படித்துறை. நாட்டின் தந்தை என்பதால் 'ராஜ்' என்று வைத்தார்கள் எனப் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெயர் காந்தி பிறப்பதற்கு முன்பே அங்கே இருந்தது. ஆற்றுக்கு இறங்கிய ஒரு வாசலின் பெயர், வந்து எரிந்தவருடையதாக ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

மறுநாள் சனிக்கிழமை காலை பதினொன்றே முக்காலுக்கு ஊர்வலம் புறப்பட்டது. ஏற்பாட்டைக் கவனித்தது ராணுவம். தலைமைத் தளபதி அப்போதும் ஆங்கிலேயரே, ஜெனரல் ராய் புச்சர். ஆயுதம் ஏற்றும் ராணுவ வண்டி ஒன்றின் மேல்பகுதியை ராத்திரியோடு ராத்திரியாகப் பிரித்து, எல்லோரும் பார்க்கும்படி உயரமான தளம் போட்டு, அதில் உடலைக் கிடத்தினார்கள். எஞ்சினை ஓட்டவில்லை. முப்படைகளிலிருந்தும் இருநூறு பேர் நான்கு கயிறுகளைப் பிடித்து வண்டியை இழுத்தார்கள். துப்பாக்கி தொடாதவரை ஆயுத வண்டியில் ஏற்றியதைப் பற்றி அன்றே முணுமுணுப்பு இருந்தது. எனக்கோ, தேர் இழுக்கும் ஊரில் பிறந்ததாலோ என்னவோ, வண்டியின் பெயரை விடவும் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கயிறு பிடித்ததுதான் மனசில் நிற்கிறது. ஐந்தரை மைல் தூரத்தைக் கடக்க நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நான்கு இருபதுக்கு ஆற்றங்கரை வந்து சேர்ந்தார்கள்.

தண்ணீரிலிருந்து சில நூறு அடி தள்ளி ஒரு மேடை எழும்பியிருந்தது. அதன் மேல் சந்தனக் கட்டைகள் அடுக்கியிருந்தார்கள். கூட்டத்துக்குத் தெரிய வேண்டும், சிதை சரியக் கூடாது என்ற இரண்டே காரணங்களுக்காக ஒரே ராத்திரியில் எழுப்பிய மேடை அது. இன்றைய கறுப்புப் பளிங்குக்கு மூலம் அந்த மேடைதான்.

தலை வடக்கே இருக்கும்படி கிடத்தினார்கள். இதை அம்மாவிடம் சொன்னபோது முகம் சுளித்தாள். நம் பக்கத்தில் சுடுகாட்டில் தெற்கேதான் தலை. வடக்கத்திக்காரர்கள் வழக்கம் வேறு. மூத்த மகன்கள் பக்கத்தில் இல்லாததால் மூன்றாம் மகன் ராம்தாஸ் கொள்ளி வைத்தார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார் மவுண்ட்பேட்டன். சிதை பதினான்கு மணி நேரம் எரிந்தது. கீதை முழுவதையும் ஓதி முடித்தார்கள். அனல் ஆற இன்னும் ஒரு பகலும் இரவும் ஆயிற்று. அதன் பிறகு கம்பிவேலிக்குள் போய்ச் சாம்பலைக் கதர்ப் பையில் அள்ளினார்கள். எலும்புகளில் யமுனைத் தண்ணீர் தெளித்துச் செம்புக் குடத்தில் இட்டார்கள். சாம்பலுக்குள் ஒரு துப்பாக்கிக் குண்டு கிடைத்தது.

நம் வழக்கப்படி பார்த்தால் காடாற்று முடிந்துவிட்டது. அந்த இடத்தைக் கழுவிவிட்டுப் போக வேண்டியதுதான்.

அஸ்தியும் போய்விட்டது. பிப்ரவரி 11 விடியற்காலை நான்கு மணிக்குத் தில்லியிலிருந்து ஒரு தனி ரயில் கிளம்பியது. ஐந்து பெட்டி, ஐந்தும் மூன்றாம் வகுப்பு, அவர் வேறெதிலும் ஏற மாட்டார் என்பதற்காக. மறுநாள் அலகாபாத் திரிவேணியில் கரைத்தார்கள். அங்கே குடத்தைச் சுமந்துபோன ஃபோர்டு லாரி இன்றும் அலகாபாத் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மாகாணங்களுக்குப் பிரித்துக் கொடுத்த பங்குகள் ஊர் ஊராகப் போயின. ஒரு பங்கு கன்னியாகுமரிக் கடலில் கரைந்தது. அங்கே 1956-இல் கட்டிய மண்டபத்தில் அக்டோபர் 2 நண்பகல் வெயில் கூரைத் துளை வழியாகப் பீடத்தில் விழும். ராஜாஜி மேற்கு வங்காள ஆளுநராக இருந்த நாளில் பாரக்பூரில் ஹூக்ளியில் ஒரு பங்கைக் கரைத்தார்கள். அந்தக் கரையில் ஹபீப் ரஹ்மான் வடிவமைத்த காந்தி காட்டை 1949 ஜனவரியில் நேரு திறந்துவைத்தார். கரைக்காமல் விட்ட பங்கும் உண்டு. ஒரிசாவில் வங்கிப் பெட்டகம் ஒன்றில் ஒரு பங்கு ஆண்டுக்கணக்கில் கிடந்தது. கொள்ளுப்பேரன் துஷார் காந்தி அதை வாங்கி 1997 ஜனவரி 30 அன்று திரிவேணியில் கரைத்தார். கேட்பாரில்லாத நகைபோல் அஸ்தி பெட்டகத்தில் கிடந்த கதை இந்த நாட்டில்தான் நடக்கும்.

இத்தனை ஆறும் கடலும் அஸ்தியை வாங்கிக்கொண்ட பிறகும் தில்லியில் அந்த மேடை மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. அதை யாரும் இடிக்கவில்லை. ஜனங்கள் வந்தார்கள், பூ வைத்தார்கள், மண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை சுடப்பட்டார் என்பதால் வெள்ளிதோறும் மாலையில் பிரார்த்தனை தொடங்கியது, இன்றும் நடக்கிறது. செங்கல் மேடைக்கு வேலி வந்தது. வேலியை யார் பார்த்துக்கொள்வது? 1951-இல் நாடாளுமன்றம் ராஜ்காட் சமாதிச் சட்டம் என்றே ஒன்றை நிறைவேற்றி, ஒரு குழுவிடம் அதை ஒப்படைத்தது. காடாற்றிய இடத்துக்குச் சட்டப் புத்தகத்தில் இடம் கிடைத்தது.

1956-இல் நிலையான நினைவிடத்துக்குப் போட்டி வைத்தார்கள். வென்றவர் வானு பூட்டா என்ற கட்டடக் கலைஞர். மண்டபம், கோபுரம், சிலை என்று எதை வேண்டுமானாலும் அவர் வரைந்திருக்கலாம். நாடு மறுத்திருக்காது. அவர் வரைந்ததில் கூரையே இல்லை. எரிந்த இடம் அப்படியே நடுவில், அதன் மேல் கறுப்புக் கல். சுற்றிலும் மேட்டுச் சுவர், அதன் மேல் நடந்தபடி கீழே எட்டிப் பார்க்கலாம். கூட்டத்துக்குத் தெரிய வேண்டும் என்று 1948-இல் மேடையை உயர்த்தினார்கள். இவர் அதைத் திருப்பிப் போட்டு, பார்க்கிறவர்களை உயரத்துக்கு ஏற்றினார். சிலை வேண்டாம் என்று எழுதியவருக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றைச் செய்ய முடியாது என்பது என் எண்ணம். அதற்குப் பிறகு அதே ஆற்றங்கரையில் வரிசையாக எழுந்த சாந்திவனம், விஜய்காட், சக்திஸ்தல், வீர்பூமி இவற்றையும் பார்த்துவிட்டேன். ஒன்றின் முன்னும் அந்த அமைதி கூடவில்லை. ஆளுக்கொரு காடு என்று ஆனபோதே ராஜகாட்டின் பொருள் கொஞ்சம் நீர்த்துப்போயிற்று.

கல்லின் மேல் தேவநாகரியில் 'ஹே ராம்' என்று இரண்டே சொற்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவை காந்தியின் கடைசிச் சொற்கள்தானா என்ற வழக்கும் ஓயவில்லை. காந்தியின் கடைசி ஆண்டுகளில் செயலாளராக இருந்த தமிழர் வி. கல்யாணம், சுடப்பட்டபோது அருகில் நின்றவர். சென்னையில் வாழ்ந்து 2021-இல் மறைந்தார். தன் காதில் அது விழவில்லை என்றுதான் அவர் சொல்லிவந்தார், காந்தி சொல்லவே இல்லை என்று அல்ல. அந்தக் கூச்சலில் யாருக்கு என்ன கேட்டிருக்கும்?

எரித்த இடத்தை வைத்துக் கும்பிடுவது நம் வழக்கமில்லை என்று மேலே எழுதினேன். அதை இங்கே கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். சிதம்பரத்திலேயே அப்படி ஓர் இடம் இருக்கிறது. ஓமக்குளம். கோயிலுக்குள் நுழையத் தடுக்கப்பட்ட நந்தனார் தீயில் இறங்கியது அங்கேதான் என்பார்கள். இறங்கினாரா, இறங்கச் சொன்னார்களா, இறக்கினார்களா என்ற கேள்வி எங்கள் ஊரில் இன்னும் ஆறவில்லை, ஆறவும் கூடாது. உடலும் இல்லை, சாம்பலும் இல்லை. ஆனால் அந்தக் குளக்கரையில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் 1916-இல் பள்ளி தொடங்கினார். எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்து வெளியே வந்தார்கள். 1927 செப்டம்பரில் சிதம்பரம் வந்த காந்தி, தனக்கு இது நந்தனின் ஊர் என்பதால் யாத்திரைத் தலம் என்று பேசினார். சத்தியாகிரகத்தைத் தான் மட்டும் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டதில்லை என்றும், நந்தன் தனக்கு முந்திய சத்தியாகிரகி என்றும் சொன்னார். தன்னை வருத்திக்கொண்டே கோயில் கதவைத் திறக்க வைத்தவர் என்பது அவர் கணக்கு. திறந்த கதவு யாருக்குத் திறந்தது, எவ்வளவு நாள் திறந்திருந்தது என்று சகஜானந்தர் அவரிடம் கேட்டிருப்பாரா என்று அறிய எனக்கு ஓர் ஆசை.

கடலூருக்கும் காந்தி வந்தார். அந்த வருகைகளைப் பற்றி முதுநகர்க்காரர்கள் அஞ்சலையம்மாளைத் தொட்டுத்தான் பேசுவார்கள். ஆங்கிலத் தளபதி நீலின் சிலையை அகற்றச் சொல்லி 1927-இல் சென்னையில் நடந்த போராட்டத்தில் ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவோடு போய்ச் சிறை புகுந்தவர். காந்தி அந்தப் பெண்ணுக்கு லீலாவதி என்று பெயர் மாற்றித் தன் ஆசிரமத்துக்கு அழைத்துக்கொண்டார். 1934-இல் அவர் கடலூர் வந்தபோது அஞ்சலையம்மாளைப் பார்க்கக் கூடாது என்று தடை. அஞ்சலையம்மாளே பர்தா போட்டுக் குதிரை வண்டியில் போய்க் காந்தியைப் பார்த்தார் என்பது முதுநகரில் இன்றும் சொல்கிற கதை. இத்தனை இருந்தும் அந்த மனிதர் எரிந்த இடத்துக்கு எங்கள் தெருவிலிருந்து போய்வந்தவர்கள் என்றால், எனக்குத் தெரிந்து, நானும் அம்மாவும்தான்.

அன்று ராஜ்காட்டை விட்டு வெளியே வரும்போது அம்மா இன்னொன்று கேட்டாள்.

"ஆத்தங்கரைன்னியே, ஆறு எங்க?"

சுற்றிப் பார்த்தேன். புல்வெளி, எங்கெங்கோ இருந்து வந்த தலைவர்கள் நட்ட மரங்கள், தாண்டினால் வண்டி இரைச்சல். யமுனை கிழக்கே ஒதுங்கிப் போய்விட்டது. 1948-இல் தண்ணீர் சில நூறு அடியில் இருந்ததால்தான் அந்த இடமே தேர்வானது. எலும்பில் தெளித்ததும் அந்தத் தண்ணீர்தான். அஸ்தி போயிற்று, ஆறும் போயிற்று, 'காட்' என்ற பெயர் மட்டும் கல்லோடு தங்கிவிட்டது. "அந்தாண்ட இருக்கும்மா" என்று கை காட்டினேன். படித்துறை இல்லாத இடத்தைப் படித்துறை என்று இவளிடம் திருத்தினேனே என்று வெட்கமாக இருந்தது.

2023 ஜூலையில் தில்லியில் வெள்ளம். யமுனை 208.66 மீட்டர் வரை ஏறியது. 1978-இல் தொட்ட 207.49-தான் அதுவரைக்கும் உச்சம். ராஜ்காட் வளாகத்துக்குள் தண்ணீர் புகுந்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அன்று சாயங்காலமே புவனகிரியிலிருந்து போன்.

"டேய், ராஜகாட்டுல தண்ணி வந்துடுச்சாம், பாத்தியா?"

"பாத்தேம்மா."

"கல்லு?"

"அதுக்கு ஒண்ணும் ஆகாது."

வெள்ளாற்றங்கரையில் பிறந்து, அதன் வெள்ளத்தில் இரண்டு முறை வீட்டுச் சாமானைப் பரணில் ஏற்றியவள் அவள். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அன்னிக்கி ஆறு எங்கன்னு கேட்டனே, வந்துடுச்சு பாரு" என்றாள். பால்காரர் வந்துவிட்டார் என்று போனை வைத்துவிட்டாள்.